கண்ணாடி மாதிரி

வீடு வாங்க வருகிறவர்கள்கூட அரை மணி நேரத்தில் சரி சொல்லிவிடுகிறார்கள். மேசைக்கு என்ன மெருகு போடட்டும் என்று கேட்டால்தான் மனிதர்களுக்குத் தலை சுற்றுகிறது. பஞ்சுவின் பட்டறைச் சுவரில் மாதிரிப் பலகைகள் வரிசையாகத் தொங்கின. வெறும் எண்ணெய் தேய்த்தது, மெழுகு போட்டது, மினுக்காத மேட், தேன் நிறம், காப்பி நிறம், கடைசியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும்படியான முழுப் பளபளப்பு. வருகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தடவுவார்கள். தடவிவிட்டு, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று விரலைத் திருப்பிப் பார்ப்பார்கள். கணவர் தேன் நிறம் என்பார், மனைவி காப்பி நிறம் என்பார், கூட வந்த மைத்துனர் யாரும் கேட்காமலே, "வெள்ளை பெயிண்ட் அடிச்சிடுங்களேன்" என்பார். வெள்ளை பெயிண்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே பஞ்சுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஞ்சு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. மெருகு தேய்க்கும் பஞ்சு உருண்டை எந்நேரமும் கையில் இருந்ததால் யாரோ கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. ஆள் என்னவோ பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கமாட்டாள். பட்டறையில் தச்சு வேலை தம்பியுடையது, மெருகு அக்காவுடையது. தம்பி செய்ததை ஒப்பேற்றிக் காட்டுவதே தன் பாடு என்று அக்கா நினைத்தாள். அக்கா தேய்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் தான் மேசை நாற்காலி செய்து தருவதாகத் தம்பி நினைத்தான். இரண்டு பேரும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாததால் தொழில் நன்றாகவே நடந்தது.

ஒருநாள் காலையில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் பழைய போர்வை சுற்றிய ஒரு மேசை. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும். முதலில் இறங்கியவர் அந்த அம்மாள். அறுபது வயதிருக்கும், மூக்கில் தடித்த கண்ணாடி, முடியில் ஒரு இழை கலையவில்லை. இறங்கியவர் திரும்பிக் கணவருடைய இடது கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு, ஒரு காலுக்கு அப்புறம் இன்னொரு கால் என்று அவரை இறக்கினார். அவருக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. கை தொங்கியது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அத்தனையையும் அந்த அம்மாள் ஏதோ கடையில் பை தூக்குவதுபோல அலட்டிக்கொள்ளாமல் செய்தார். அதைப் பார்த்ததுமே பஞ்சுவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். கணவர் பஸ் டிரைவர், வெளியூர் வண்டி, வேலைக்காலம் முழுக்க ஓட்டி ஓய்வு பெற்றவர்.

தம்பி போர்வையை உருவினான். மேசையைச் சுற்றி வந்தான். குனிந்தான். காலும் சட்டமும் சேரும் இடத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தான், நகம் போகவில்லை. ஒரு தாளைக் கிழித்து நுழைக்கப் பார்த்தான், தாளும் போகவில்லை. தம்பி இன்னொருவர் வேலையை லேசில் பாராட்டுகிறவன் இல்லை. "எந்தக் கடையில செஞ்சது?" என்று கேட்டபோது அவன் குரலில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது.

"கடையா? இவர் செஞ்சதுதான்" என்றார் டீச்சர். "ரிட்டயர் ஆனதும் போனைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டாரு. கொல்லைப்பக்கம் ஒரே மரத்தூளு. துணி காயப்போட இடமில்ல."

"பஸ் ஓட்டின கையா இது?"

"இவர் வண்டியில ஏறினா டம்ளர்ல டீ வாங்கி வெச்சுக்கிட்டு உக்காரலாம். ஒரு சொட்டு சிந்தாது" என்றார் டீச்சர், கணவரைப் பார்க்காமலே. டிரைவர் பாதி வாயால் சிரித்தார்.

பஞ்சு மேற்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தேக்கு. இழைப்புளியால் கையாலேயே இழைத்திருக்கிறார். உள்ளங்கையை வைத்து ஓட்டினால் லேசாக அலை தெரிந்தது, தண்ணீர்மேல் காற்று பட்டதுபோல. ஆனால் அவள் கண் போனது அதன்மேல் இருந்த எழுத்துக்கு. பலகை முழுக்கப் பென்சிலில் கூட்டலும் கழித்தலும். நீளத்தில் பாதி, அகலத்தில் மூன்றில் ஒன்று, கால் வைக்கும் இடத்துக்கு எத்தனை விடவேண்டும் என்று. பக்கத்திலேயே சிவப்புப் பென்சிலில் சரிக்குறி. ஓர் இடத்தில் மட்டும் பெரிய பெருக்கல் குறி போட்டு, "மறுபடி செய்க" என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. பஞ்சு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கூப்பிடுவாரு, சரியான்னு கேப்பாரு. வந்து திருத்திட்டுப் போவேன்" என்றார் டீச்சர். "தப்பா இருந்தா வெட்டவிட மாட்டேன்."

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "கணக்கெல்லாம் அடிப்பக்கம்ல எழுதணும் சார்? மேல எழுதுவாங்களா யாராச்சும்?"

டிரைவர் யோசித்தார். சொல் அவருக்கு நாக்கு நுனிவரை வந்து நின்று, பிறகுதான் இறங்கியது. "மேலதான... வெளிச்சம்" என்றார்.

தம்பி நிமிர்ந்து கூரை விளக்கைப் பார்த்தான்.

ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, சுற்றிலும் மெல்லிய பள்ளமாகக் காடி எடுப்பதற்காக டிரைவர் ஒரு கோடு போட்டிருந்தார். அளவுகோல் வைத்துப் போட்டதில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் பலகை ஓரத்தில் அணைத்து, வெறும் கையால் இழுத்த கோடு. மூன்று பக்கமும் நூல் பிடித்ததுபோல ஓடியது. பஞ்சுவின் தம்பிக்கே அப்படி வராது. வராது என்று அவனுக்கும் தெரியும், அதனால்தான் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலாவது பக்கத்தில் முக்கால் தூரம் அதே நேர்த்தியோடு வந்த கோடு, திடீரென்று உள்பக்கமாகச் சரிந்து, நெளிந்து, பலகையின் நடுவை நோக்கிப் போய் ஓர் இடத்தில் நின்றிருந்தது.

"சரி, எப்படி வேணும்?" என்று கேட்டாள் பஞ்சு.

"கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார் டீச்சர், தயாராக வைத்திருந்த பதிலைப்போல.

டிரைவர் முகம் மலர்ந்தது. பலமாகத் தலையாட்டினார். "ஆமா. கண்ணாடி... கண்ணாடி மாதிரி."

பஞ்சு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை காலத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டியும் முதல் பேச்சிலேயே ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை. திருஷ்டி பட்டுவிடப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டிரைவர் இடது கையால் சுவரிலிருந்த மாதிரிகளைத் தடவப் போனார். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, கண்ணாடி மாதிரி ஆக்கணும்னா அந்தக் கோடு போயிடும்ல?"

"உப்புத்தாள் மெஷின் ஓட்டினா எல்லாமே போயிடும் டீச்சர். கணக்கு, உங்க சரிக்குறி, எல்லாம். ஒண்ணும் மிஞ்சாது."

"போகட்டும்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் கோடு போடும்போதுதான் வந்துச்சு இவருக்கு. சரியான்னு பாக்கக் கூப்பிட்டாரு, போனேன். பாத்துக்கிட்டே இருக்கேன், கை தானாச் சரியுது. ஓடிப்போய்க் கையைப் புடிச்சேன். அப்படியே என் மேல சாஞ்சுட்டாரு. அந்தக் கை அன்னிக்கோட சரி." கொஞ்சம் நிறுத்தி, "இத்தனை மாசமா போர்வை போட்டு மூடி வெச்சிருந்தேன். கொல்லைப்பக்கம் போனா அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். ஆனா அவர் செஞ்ச மேசையில அவரு ஒரு வேளையாச்சும் சாப்பிடணும். அந்தக் கோடு மட்டும் இருக்கக் கூடாது" என்றார்.

பஞ்சு அந்தக் கோட்டை இன்னொருமுறை பார்த்தாள். "இருக்காது டீச்சர்" என்றாள்.

அவர்கள் போன பிறகும் அவளுக்கு வேலை ஓடவில்லை. வேறொருவருடைய அலமாரிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே அடிக்கடி அந்த மேசைப் பக்கம் போய் நின்றாள். டீச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. தினமும் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டு யாரால் சாப்பிடமுடியும்? ஆனாலும் சரிவதற்கு முன்னால் அந்தக் கோடு வந்த அழகு! வெறும் விரலை நம்பி ஒரு மனிதன் இவ்வளவு நேராகப் போகமுடியும் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது? அதை உப்புத்தாள் போட்டு அழிக்க அவளுக்கு மனசே இல்லை. இருந்தாலும் மேசை அவர்களுடையது. இருவரும் கேட்டது ஒன்றைத்தான்.

தம்பி மெஷினோடு வந்து நின்றான். "ஆரம்பிக்கட்டுமா அக்கா? ஒரே மூச்சுல தேச்சுத் தள்ளிடறேன்."

"மாதிரி காட்டாம என்னிக்காச்சும் தொட்டிருக்கோமா? போடா அந்தப் பக்கம்."

அது பட்டறையில் அவள் வைத்த சட்டம். சுவரில் தொங்கும் பலகையைப் பார்த்துச் சரி சொன்னால் போதாது. அவரவர் மரத்திலேயே ஒரு துண்டில் மெருகு போட்டு, வந்து தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பொருளில் கை வைப்பாள். தேக்கிலும் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. ஒன்று நிறத்தைக் குடிக்கும், இன்னொன்று துப்பும். வண்டியில் கூடவே வந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து, மரத்தின் நுண்துளைகளை அடைத்து, தேய்த்து, பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, அந்த வாரம் முழுக்க அதன் பின்னாலேயே அலைந்தாள். முடிந்தபோது கூரையிலிருந்த விளக்கு அதற்குள் தெரிந்தது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் பஞ்சுவுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. "அட்டகாசம்டி" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டீச்சரும் டிரைவரும் மறுபடி வந்தார்கள். துண்டைக் கையில் வாங்கிய டீச்சர் அதில் தன் முகத்தைப் பார்த்தார், அனிச்சையாக நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார், சிரித்தார். "இதேதான்மா. நான் நெனச்சது இதேதான்."

டிரைவர் வாங்கிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் சாய்த்தார். முகம் சுருங்கியது. "இது... இல்ல" என்றார். "கண்ணாடி மாதிரி."

"இதுதாங்க கண்ணாடி மாதிரி. பாருங்க, உங்க முகம் தெரியுது."

"இல்ல. கண்ணாடி."

"ஆமாங்க, கண்ணாடிதான்." டீச்சர் பஞ்சுவிடம் திரும்பித் தாழ்ந்த குரலில், "அப்பப்போ வார்த்தை மாறிடும். சீப்பு கேக்க நெனச்சு சாவிம்பாரு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத. வேலையை ஆரம்பிச்சிடு" என்றார்.

அந்தக் குரலில் குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. எத்தனையோ மாதங்களாகக் கணவருக்கு வரும் சொல்லையும் வராத சொல்லையும் சுமந்துகொண்டு திரிகிறவருடைய குரல். தம்பி அதற்குள் மெஷின் ஒயரை பிளக்கில் சொருகிவிட்டான். சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். பட்டறை அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டிரைவர் நடந்துகொண்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நல்ல கையை நீட்டி, மனைவியின் மூக்கிலிருந்த கண்ணாடியை வெடுக்கென்று உருவினார்.

"என்னங்க இது!"

அவர் காலை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். அந்தக் கண்ணாடியைப் பலகைமேல் வைத்தார், ஒரு கூட்டல் கணக்கின்மேல். தடித்த சில்லு வழியாகப் பென்சில் எழுத்தும் சிவப்புச் சரிக்குறியும் அடியிலிருந்த மர ரேகையும் அப்படியே தெரிந்தன. அவர் சில்லைத் தட்டிக் காட்டினார்.

"இதுவும்... கண்ணாடிதான?"

தம்பி மெஷினை நிறுத்தினான்.

பஞ்சு தலையில் அடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான். இந்த மனிதருக்கு வார்த்தை மாறவே இல்லை! மாறி நின்றது மற்ற எல்லோரும். கண்ணாடி மாதிரி என்று ஆயிரம் பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கண்ணாடி என்று ஒருநாளாவது அவள் திருப்பிக் கேட்டிருப்பாளா? இருக்கிற சொற்களில் சரியானதையே எடுத்துக் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேராததும் கையில் கிடைத்ததை வைத்துக் காட்டிவிட்டாரே. மாதிரிப் பலகை செய்து காட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அந்த மூக்குக்கண்ணாடியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"டீச்சர், நீங்க சொன்னது முகம் பாக்குற கண்ணாடி. சார் சொன்னது ஊடால பாக்குற கண்ணாடி. எழுதினது எழுதினபடி இருக்கணும், மேல மெருகு இருக்கிறதே தெரியக் கூடாது. அதான சார்?"

டிரைவர் நீண்ட மூச்சு விட்டார். "அதான்."

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. "அப்ப அந்தக் கோடு?"

"அதுவும்" என்றார் டிரைவர்.

"முடியாது." டீச்சர் குரல் உயர்ந்தது. அவர் குரலை உயர்த்தி அன்றுதான் பஞ்சு கேட்டாள். "கணக்கு வேணா இருக்கட்டும். என் டிக் எல்லாம்கூட இருக்கட்டும். அந்தக் கோடு வேண்டாங்க. தெனமும் அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சோறு போடுவேன்? நீங்க கீழ சாஞ்சதை நான்தான பாத்தேன்? நீங்களா பாத்தீங்க?"

டிரைவர் மேசையைச் சுற்றி நாலாவது பக்கத்துக்குப் போனார். கோடு தொடங்கும் இடத்தில் இடதுகை ஆள்காட்டி விரலை வைத்தார். அந்த விரலுக்குப் பழக்கமில்லாத வேலை அது. நேரான பகுதி முழுக்க மெதுவாக விரலை ஓட்டினார்.

"இது நான்" என்றார்.

கோடு சரியும் இடத்துக்கு வந்தார். நெளிவுகளின்மேல் விரல் ஏறி இறங்கியது. "இது... அது." நோயின் பெயரை அவர் சொல்லவில்லை.

பிறகு கோடு முடியும் இடம். அங்கே விரலை நிறுத்தி அழுத்தினார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பட்டறையே அதற்காகக் காத்திருந்தது.

"இது நீ."

டீச்சருக்குப் புரியவில்லை. டிரைவர் பொறுமையிழந்து தலையை ஆட்டினார். அந்த இடத்திலிருந்து விரலைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பலகையின் மறுகோடியில் விட்டார். "இங்க வரைக்கும்... போயிருக்கும். போகல." விரல் திரும்பவும் கோட்டின் நுனிக்கு வந்தது. "நீ... புடிச்ச."

டீச்சர் மேசைக்கு வந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. மூக்கு பலகையில் படும் அளவுக்குக் குனிந்தார். விரலால் தேடினார். கணவரின் விரல் இருந்த இடத்தில் அவர் விரல் இடித்தது.

"இங்கயா?"

"அங்கதான்."

வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். தம்பி எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியில் டீச்சர் நிமிராமலே பேசினார். குரல் உடைந்திருந்தாலும் அதட்டல் மட்டும் போகவில்லை.

"கோணலாக் கோடு போட்டதும் இல்லாம, அதுல எனக்குப் பங்கு வேறயா?"

டிரைவர் சிரித்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து, ஒரு கையாலேயே மனைவிக்கு மாட்டிவிடப் பார்த்தார். ஒரு பக்கம் காதில் உட்கார்ந்தது. மறுபக்கம் மேலே ஏறிப் புருவத்தில் நின்றது.

டீச்சர் பஞ்சுவிடம் திரும்பினார். "ஏம்மா, பென்சில் கலையாம மெருகு போடமுடியுமா?"

"முதல் பூச்சைத் துணியால தேய்க்காம ஸ்ப்ரே கன்ல தூவிடுவேன் டீச்சர். அது காஞ்சிட்டா அப்புறம் எதுவும் கலைக்கமுடியாது. மேட்ல போடறேன், விளக்கு வெளிச்சம் அடிக்காம இருக்கும். உப்புத்தாள் பக்கத்துலயே வராது."

"தட்டு சூடா வெச்சா?"

"தாங்கும்."

"தண்ணி சிந்தினா?"

"தாங்கும்."

டீச்சர் விடவில்லை. எத்தனை நாள் காயவேண்டும், சோப்பு போட்டுத் துடைக்கலாமா, வெயில் பட்டால் மஞ்சளாகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு தலைமுடி கலையவிடாத அந்த அம்மாள், அத்தனை நேரமும் மூக்கில் கோணலாக நின்ற கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளவே இல்லை.